வேட்டை நாய்க் குட்டி வாங்குமுன்: வகை பிரிப்பது முதல் உரிமம் எடுப்பது வரை

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, பீகிள், டாக்ஸ்ஹண்ட் எல்லாவற்றையும் ‘வேட்டை நாய்’ என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். வாங்குகிறவரும் நிறத்தையும் உயரத்தையும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகிறார். சில மாதம் போன பிறகுதான் சிக்கல் தெரியும். நாய் பக்கத்துத் தோட்டத்து ஆட்டைத் துரத்தும். அல்லது அடுக்குமாடியில் நாள் முழுக்க ஊளையிட்டுப் புகாரைக் கொண்டுவரும். பதிவு செய்யப் போனால் தாய், தகப்பன் பதிவு எண் கேட்பார்கள். விற்றவர் போனை எடுக்க மாட்டார். இவற்றில் பெரும்பாலானவை பணம் கைமாறும் முன்பே தவிர்க்கக்கூடியவை. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். முதல் விசாரிப்பிலிருந்து உரிமம் கைக்கு வரும் வரை மூன்று நான்கு மாதம் ஒதுக்கிவையுங்கள்.

1. இனப் பெயரை விடுங்கள், முதலில் வேட்டை முறையைப் பாருங்கள்

வேட்டை நாய்களைப் பிரிப்பதற்கு அடிப்படை ஒரே கேள்விதான்: இரையை இது எந்தப் புலனால் தேடுகிறது, கண்டுபிடித்த பிறகு என்ன செய்கிறது? இதற்கான பதிலில்தான் உங்கள் வேலியின் உயரம், கயிறு, அக்கம்பக்கத்தாரின் பொறுமை, மருத்துவமனைச் செலவு எல்லாம் அடங்கியிருக்கிறது.

பார்வையால் துரத்துபவை முதல் வகை. சைட் ஹவுண்ட் என்பது இவற்றைத்தான். ஒடுங்கிய நீள முகம், ஆழமான நெஞ்சுக்கூடு, உள்ளே ஏறிய வயிறு, நீண்ட கால், மெல்லிய வால். கிரேஹவுண்ட், சலூகி, ஆப்கன் ஹவுண்ட், நம் சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் இந்தக் கூட்டம். பெரும்பாலும் சத்தமில்லாமல் ஓடும். தொலைவில் ஏதாவது அசைந்தால் போதும், உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. இது கீழ்ப்படியாமை என்று நினைத்து அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடித்தால் நாய் திரும்பி வரவே பயப்படும், துரத்துவது மட்டும் நிற்காது. திறந்த வெளியில் இவற்றைக் கயிறில்லாமல் விடக் கூடாது. சுற்றுச்சுவர் ஆறடியாவது வேண்டும். வீட்டுக்குள் இவை அமைதியானவை, நாளில் பெரும்பகுதி தூங்கும். அதனால் சிறிய வீட்டுக்கும் ஒத்துவரும், தினமும் வெளியே கூட்டிப்போக ஆள் இருந்தால்.

மோப்பத்தால் தடம் பிடிப்பவை இரண்டாம் வகை, சென்ட் ஹவுண்ட். பீகிள், பாசெட் ஹவுண்ட், பிளட்ஹவுண்ட், பாக்ஸ்ஹவுண்ட். தொங்கும் நீளக் காது, அகன்ற மூக்குத் துளை, வேகத்தைவிடத் தாக்குப்பிடிக்கும் உடல். பின்னால் வரும் வேட்டைக்காரனுக்குத் தடம் எங்கே போகிறது என்று குரலால் சொல்ல வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை இவை. பீகிள் ஊளையிடுவது பயிற்சிக் குறைவால் வருவதில்லை, அதன் வேலையே அதுதான். குட்டியாக இருக்கும்போது அழகாகத் தெரியும் அந்தக் குரல், நீங்கள் அலுவலகம் போனபின் மூன்று மாடிக்குக் கேட்கும். சாப்பாட்டுப் பிரியம் அதிகம் என்பதால் எடையும் கூடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதை யோசித்துவிட்டுத்தான் பீகிள் பக்கம் போக வேண்டும்.

மூன்றாவது, பிடித்து நிறுத்துபவை. காட்டுப்பன்றி போன்ற திமிறும் விலங்கை எதிர்த்து நிற்கவும், ஓய்ந்த நேரத்தில் தோட்டத்தைக் காக்கவும் வளர்க்கப்பட்டவை. கோம்பை தெளிவாக இந்த வகை. ராஜபாளையம் நடுவில் நிற்கிறது. உடலமைப்பில் ஹவுண்ட் (மேலே சொன்ன, துரத்தும் முதல் இரு வகைக்கும் பொதுப்பெயர்), குணத்தில் பாதி காவல் நாய். இதை வேகமான காவல் நாய் என்று நினைத்து ஏற்பாடு செய்தால் தவறு வராது. புதிய ஆட்களிடம் மூன்று மாதத்திலிருந்தே பழக்காமல் விட்டால், ஒரு வயதுக்குப் பிறகு வீட்டுக்கு விருந்தினர் வருவதே சிரமமாகிவிடும்.

வளைக்குள் புகுபவை நான்காவது: டாக்ஸ்ஹண்ட், பல டெரியர்கள். தோட்டத்தைத் தோண்டும், எலியை விடாது. ஐந்தாவது, துப்பாக்கி வேட்டைக்குத் துணைபோகும் பாயிண்டர், ஸ்பானியல், ரிட்ரீவர். லாப்ரடார் இந்தக் கூட்டம். இவை வேட்டை நாய்கள்தான், ஆனால் ஹவுண்ட் ஆகாது. மனிதனைப் பார்த்துப் பார்த்து வேலை செய்யப் பழக்கப்பட்டவை என்பதால் பயிற்சி எளிது. முதல் நாயே இதுதான் என்றால், கூப்பிட்டதும் ஓடிவர வேண்டும் என்பது உங்கள் முதல் எதிர்பார்ப்பென்றால், ஹவுண்ட் உங்களுக்கானதா என்று இங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.

2. சங்கங்களின் குழு எண்ணை எப்படிப் படிப்பது

பெல்ஜியத்தில் தலைமையகம் உள்ள எப்.சி.ஐ. என்ற, நாய்ச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு இனங்களை 10 குழுவாகப் பிரிக்கிறது. வேட்டை தொடர்பானவை இவை: 3 டெரியர், 4 டாக்ஸ்ஹண்ட், 5 ஸ்பிட்ஸ் (கூர்க்காது, சுருள்வால் நாய்கள்) மற்றும் ஆதி வகைகள், 6 மோப்ப நாய்களும் அவற்றை ஒட்டியவையும், 7 பாயிண்டர்கள், 8 ரிட்ரீவர், ஸ்பானியல், தண்ணீரில் இறங்கி வேலை செய்பவை, 10 பார்வை நாய்கள். ஒரே ஒரு இனத்துக்காக 4 என்று தனிக் குழு இருப்பது பலருக்கு ஆச்சரியம். 6ஆம் குழுவுக்குள் பெரியவை, நடுத்தரம், சிறியவை என்று உட்பிரிவு உண்டு. பிளட்ஹவுண்ட் பெரியவற்றில், பீகிளும் பாசெட்டும் சிறியவற்றில் வரும். 10ஆம் குழுவில் முடியை வைத்துப் பிரிக்கிறார்கள்: நீள முடி (ஆப்கன், சலூகி, போர்சாய்), கரடு முடி (ஐரிஷ் உல்ப்ஹவுண்ட், டீர்ஹவுண்ட்), குட்டை முடி (கிரேஹவுண்ட், விப்பெட், ஸ்லூகி, அசாவாக்).

அமெரிக்கச் சங்கமான ஏ.கே.சி. இதைப் பின்பற்றுவதில்லை. அங்கே பார்வை நாய், மோப்ப நாய், டாக்ஸ்ஹண்ட் எல்லாம் ‘ஹவுண்ட்’ என்ற ஒரே குழுவில் இருக்கும். பிரிட்டனிலும் அப்படித்தான். அதே அமெரிக்காவில் யு.கே.சி. என்ற இன்னொரு சங்கம் இரண்டையும் தனித்தனிக் குழுவாக வைத்திருக்கிறது. ஆகவே இணையத்தில் ‘ஹவுண்ட் குழுவின் குணங்கள்’ என்று படிப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஆப்கன் ஹவுண்டுக்கும் பாசெட்டுக்கும் பொதுவான குணம் என்று எழுதப்பட்டவை பெரும்பாலும் இரண்டுக்குமே பொருந்தாது.

எல்லைக்கோட்டு இனங்கள் இன்னும் குழப்பும். டால்மேஷியனை எப்.சி.ஐ. மோப்ப நாய்களின் உறவாக 6இல் வைக்கிறது. அமெரிக்காவில் அது வேட்டையில்லாத குழு. பாசென்ஜி எப்.சி.ஐ.யில் 5ஆம் குழு, ஏ.கே.சி.யில் ஹவுண்ட். நார்வீஜியன் எல்க்ஹவுண்ட் பெயரில் ஹவுண்ட் இருந்தாலும் எப்.சி.ஐ. கணக்கில் ஸ்பிட்ஸ். பெயரின் வாலில் ‘ஹவுண்ட்’ இருப்பது எதையும் நிரூபிக்காது. உடலைப் பார்த்து, முதல் படியில் சொன்ன கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் பணம் போகும் இடம் ஒன்று உண்டு. எப்.சி.ஐ.யின் இனப் பட்டியலில் தமிழக இனம் எதுவும் இல்லை. ‘உலக அங்கீகாரம் பெற்ற சிப்பிப்பாறை’ என்று சொல்லி விலையை ஏற்றினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

3. நம் இனங்களைப் பிரித்தறிவது

ராஜபாளையம்: தூய வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, தொங்கும் காது, வெளிர் நிறக் கண். வளர்ந்த ஆண் தோள் உயரம் சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர். மூக்கு கருப்பாக இருந்தால் கலப்பு இருக்கலாம். பெற்றோரைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சிப்பிப்பாறையும் கன்னியும்: குழப்பம் அதிகம் இங்கேதான். உடலமைப்பு ஏறத்தாழ ஒன்று. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வளர்ப்பவர்கள் நிறத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். உடல் கருப்பாக, புருவத்துக்கு மேலும் முகவாயிலும் காலிலும் பழுப்பு இருந்தால் கன்னி. அதைக் கருங்கன்னி என்பார்கள். பால் நிறத்தில் வருவது பால்கன்னி. செவலை, சாம்பல் போன்ற ஒற்றை நிறங்கள் சிப்பிப்பாறை. ஒரே ஈத்தில் இரண்டு நிறமும் விழுவதுண்டு என்பதால், குட்டிக்கு விற்பவர் சொல்லும் பெயரைவிடப் பெற்றோரின் சான்றிதழில் உள்ள பெயர் முக்கியம். பிற்பாடு பதிவு அந்தப் பெயரில்தான் நடக்கும்.

கோம்பை: தேனி மாவட்டத்துக் கோம்பையின் பெயர் கொண்டது. செம்பழுப்பு உடல், கருத்த முகம், கட்டான தசை. சிப்பிப்பாறையைப் போல ஒடுங்கிய முகம் இருந்தால் அது கோம்பை ஆகாது. தெருவில் திரியும் செந்நிற நாயின் குட்டியைக் கோம்பை என்று விற்பது சாதாரணமாக நடக்கிறது. குட்டியை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தாயையும் தகப்பனையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

முதோல், கேரவன்: கர்நாடக, மகாராஷ்டிரப் பகுதியிலிருந்து வரும் இந்தப் பார்வை நாய் இரண்டு பெயரில் உலவுகிறது. கென்னல் கிளப் ஆப் இந்தியா (கே.சி.ஐ.) கேரவன் ஹவுண்ட் என்று பதிகிறது, வேறொரு சங்கம் முதோல் ஹவுண்ட் என்கிறது. எந்தச் சங்கத்தின் நாய்க்காட்சிக்குப் போக நினைக்கிறீர்களோ அந்தச் சங்கத்தின் காகிதம் உள்ள குட்டியை வாங்குங்கள்.

இன்னொரு குழப்பம்: கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் இவற்றை உள்நாட்டு இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. அது இனத்துக்கான பதிவு. உங்கள் கையில் இருக்கும் குட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘அரசுப் பதிவு பெற்ற நாய்’ என்று யாராவது சொன்னால், இந்த நாயின் பெயரில் உள்ள காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

4. முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய காகிதங்கள்

நாய் வளர்ப்பு மற்றும் விற்பனைக்கென்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அதன்படி குட்டி போட வைத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. தாய்க்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், எட்டு வயதைத் தாண்டக் கூடாது, 12 மாதத்துக்குள் இரண்டு ஈத்து கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்: ‘தாய்க்கு என்ன வயசுங்க? போன ஈத்து எப்போங்க?’ தடுமாறாமல் பதில் வந்தால் நல்லது. பதிவேட்டை எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

கையில் வாங்கிப் பார்க்க வேண்டியவை: வாரியப் பதிவுச் சான்று, தாய், தகப்பன் இருவரின் கே.சி.ஐ. சான்றிதழ், அவற்றில் உள்ள மைக்ரோசிப் எண், இந்த ஈத்தின் பிறந்த தேதியும் மொத்தக் குட்டிகளின் எண்ணிக்கையும். தகப்பன் வேறு ஊரில் இருக்கிறது என்பது சகஜம்தான். அப்படியானால் அதன் சான்றிதழ் நகலும், இணை சேர்த்ததற்கு அதன் உரிமையாளர் கையெழுத்திட்ட தாளும் வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஈத்தைப் பதிய முடியாமல் போய், குட்டிகள் எல்லாம் காகிதமில்லாமல் நின்றுவிடும். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். அதில் இனம், பால், நிறம், பிறந்த தேதி, மொத்த விலை, கொடுத்த தொகை, பதிவுக் காகிதம் விலைக்குள் அடக்கமா தனியா, எந்தத் தேதிக்குள் கைக்கு வரும், மருத்துவர் சோதனையில் குறை இருந்தால் பணம் திரும்புமா என்பவை எழுத்தில் இருக்கட்டும். வாட்ஸப்பில் எழுதி வாங்கினாலும் ஆதாரம்தான்.

போட்டோவை மட்டும் பார்த்து வெளியூரிலிருந்து வண்டியில் ஏற்றி அனுப்பச் சொல்லாதீர்கள். வேறு குட்டி வந்து சேர்ந்தாலும், வழியில் நோய் ஒட்டினாலும் யாரையும் கேட்க முடியாது.

5. குட்டியைப் பார்க்கும் நாள்

காலையில், சாப்பாட்டுக்கு முன் போங்கள். தின்ற குட்டிகள் தூங்கி வழியும், எதையும் கணிக்க முடியாது. தாய் அங்கேயே இருக்க வேண்டும். அந்நியரைக் கண்டு தாய் மூலையில் ஒடுங்கி நடுங்கினால், குட்டிகளும் அந்தப் பயத்தோடு வளர வாய்ப்பு அதிகம்.

முதலில் வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்கு 28 பால் பற்களும் ஏறத்தாழ முழுமையாக வந்திருக்க வேண்டும். முன்பற்கள் மட்டும் தெரிந்து கடைவாய் வெறுமையாக இருந்தால் குட்டிக்கு ஒரு மாதம்தான் ஆகியிருக்கும், ‘ரெண்டு மாசம்’ என்பது பொய். சீக்கிரம் பிரித்த குட்டி கடிப்பதன் அளவை உடன்பிறப்புகளிடம் கற்காமலே வரும், தடுப்பாற்றலும் குறைவு. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் புழு அல்லது உண்ணி.

வெள்ளை நாயென்றால் காது கேட்கிறதா என்பதுதான் பெரிய சோதனை. வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடு சேர்ந்து வருவது பல இனங்களில் உண்டு, ராஜபாளையத்தில் இது தெரிந்த பிரச்சினை. கூட்டத்தில் இருக்கும் குட்டியைச் சோதித்துப் பயனில்லை. மற்றவை திரும்பினால் செவிட்டுக் குட்டியும் பார்த்துத் திரும்பும். தனியாக எடுத்து, தூங்கவிட்டு, பின்பக்கமாக நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரை அதிரக் கூடாது, காற்று படக் கூடாது, நிழல் விழக் கூடாது. இரண்டு மூன்று முறை வேறு வேறு திசையிலிருந்து செய்யுங்கள். சத்தம் கேட்டு எழுந்தாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால், ஒரு காது மட்டும் கேட்காமல் இருக்கலாம். ஒரு காது கேட்டால் வீட்டு வளர்ப்புக்குப் போதும். இனப்பெருக்கத்துக்கு அந்த நாயை எடுக்கக் கூடாது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பேயர் என்ற மூளை அலைச் சோதனை இருக்கிறது. ஆறு வாரத்துக்கு மேல் செய்யலாம். வசதி உள்ள இடங்கள் குறைவு, கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

பிறகு உடல். தொப்புளில் மெத்தென்ற முடிச்சு இருந்தால் குடலிறக்கம். சிறியதென்றால் பயமில்லை, விலை பேசும்போது சொல்லுங்கள். ஆண் குட்டிக்கு இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வாலை அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவுங்கள், முடிச்சு இருந்தால் தெரியும். கண்ணைச் சுற்றியும் முழங்கையிலும் முடி உதிர்ந்த வட்டம் இருந்தால் சொறிக்கான சோதனை தேவை. காது வெட்டிய குட்டியை வாங்காதீர்கள். அழகுக்காக உறுப்பை வெட்டுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

சிப்பிப்பாறை, கன்னிக் குட்டி ஒல்லியாக இருக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம். வளர்ந்த பிறகும் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு வெளியே தெரிவதுதான் இவற்றுக்குச் சரியான எடை. ஆனால் விலா தெரிய வயிறு மட்டும் உப்பியிருந்தால் அது புழு.

6. மைக்ரோசிப்பும் பதிவும்

மைக்ரோசிப் அரிசி அளவுள்ள கண்ணாடிக் குழல். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் போடுவார்கள். ஐ.எஸ்.ஓ. தரத்தில் 15 இலக்க எண் இருக்கும். நாய் எங்கே இருக்கிறது என்று இது காட்டாது, அருகில் கருவியை வைத்தால் எண்ணை மட்டும் சொல்லும். குட்டியை வாங்கும் நாளிலேயே கருவியால் படிக்கச் சொல்லி, சான்றிதழில் உள்ள எண்ணோடு 15 இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் பெயர் மாற்றம் நின்றுபோகும்.

கே.சி.ஐ. பதிவு இரண்டு கட்டம். முதலில் குட்டியை விற்பவர் ஈத்தைத் தன் பெயரில் பதிகிறார். பிறகு ஒவ்வொரு குட்டியும் புதிய உரிமையாளர் பெயருக்கு மாறுகிறது. இரண்டாம் கட்டத்துக்கு விற்பவருடைய கையெழுத்து கட்டாயம். மாற்று விண்ணப்பத்தில் குட்டியை வாங்கும் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். ‘பேப்பர் அப்புறம் அனுப்பறேன்’ என்பதற்குச் சம்மதித்தால், மீதிப் பணத்தில் ஒரு பகுதியைக் காகிதம் வரும்வரை நிறுத்திவையுங்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும். சென்னையில் உள்ள தலைமையகத்தின் தளத்தில் அன்றைய அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பேசினால் இடைத்தரகர் கூட்டிச் சொல்ல முடியாது.

பெற்றோருக்குக் காகிதம் இல்லாத நல்ல நாட்டு நாய்கள் கிராமங்களில் நிறைய உண்டு. அவற்றை நடுவர் நேரில் பார்த்து முதல் தலைமுறையாகப் பதியும் ஏற்பாடு அவ்வப்போது நடக்கும். அருகில் நாய்க்காட்சி நடத்தும் சங்கத்தில் முன்கூட்டியே கேளுங்கள். காட்சிக்கோ இனப்பெருக்கத்துக்கோ இல்லை, வீட்டில் வளர்க்கத்தான் என்றால் இந்தப் பதிவு இல்லாமலே இருக்கலாம். அதற்கேற்ற விலை மட்டும் கொடுங்கள்.

7. தடுப்பூசியும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதும்

கூட்டுத் தடுப்பூசி (டிஸ்டெம்பர், பார்வோ முதலிய தொற்றுநோய்களுக்கானது) ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் முடியும் வரை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் சீக்கிரம் போடும் ஊசியை வேலை செய்யவிடாது. அதனால்தான் கடைசி ஊசி 16 வாரத்தில் விழ வேண்டும். ‘முப்பது நாளிலேயே ஊசி போட்டாச்சு’ என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி 12 வாரத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் ஊக்க ஊசி. குடற்புழு மருந்து 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், மருத்துவர் கையெழுத்து, அவருடைய பதிவு எண் மூன்றும் இருக்க வேண்டும். கையெழுத்தில்லாத ஸ்டிக்கர் உரிமத்துக்குச் செல்லாது.

பார்வை நாய் என்றால் மருத்துவரிடம் முதல் நாளே மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, உடலில் கொழுப்பு குறைவு. தயோபென்டோன் வகை மயக்க மருந்திலிருந்து கிரேஹவுண்ட் போன்றவை வெகு தாமதமாக எழும், ஆகவே கருத்தடை அறுவையில் வேறு மருந்து கேளுங்கள். இரண்டு, இந்த வகையில் தைராய்டு அளவு இயல்பாகவே குறைவாக இருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்து மாத்திரை தொடங்கக் கூடாது. மூன்று, கிரேஹவுண்டில் ரத்தச் சிவப்பணு விகிதம் கூடுதல், ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைவு என்பது ஆய்வில் பதிவான இயல்பு. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் வந்தாலும் தட்டணுதான் குறையும். நாய் நலமாக இருக்கும்போது, ஒரு வயதில், ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துத் தாளைப் பத்திரமாக வையுங்கள். காய்ச்சல் வரும் நாளில் ஒப்பிட அது ஒன்றுதான் உதவும்.

8. உள்ளாட்சி உரிமம்

மாநகராட்சி, நகராட்சிகளில் வளர்ப்பு நாய்க்கு ஆண்டு உரிமம் எடுக்க வேண்டும். சென்னையில் இணையவழி விண்ணப்பம், கட்டணம் 50 ரூபாய், மைக்ரோசிப்பும் கட்டாயம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025இல் மாநகராட்சி அறிவித்தது. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, நாயின் படம், நடப்பில் உள்ள வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இவற்றை ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். வெறிநோய் ஊசிக்கு முன்னால் விண்ணப்பித்துப் பயனில்லை. ஆகவே குட்டிக்கு மூன்று மாதம் கடந்த பிறகுதான் இந்த வேலை. வாடகை வீடென்றால் முகவரிச் சான்றில் உள்ள முகவரியும் நாய் இருக்கும் முகவரியும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

9. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

குட்டியின் விலை முதல் செலவுதான். முதல் நான்கு மாதத்துக்குள் மூன்று நான்கு மருத்துவமனைப் பயணம், சிப், பதிவு, உண்ணி மாத்திரை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அரசு கால்நடை மருத்துவமனையைப் பயன்படுத்தினால் இதில் பெரும்பகுதி குறையும். விட்டுவிடக் கூடாத இரண்டு பொருள்: சுற்றுவேலியும் காலரும். சிப்பிப்பாறை, கன்னியின் தலை கழுத்தைவிட ஒடுக்கம். சாதாரணக் காலர் போட்டு இழுத்தால் நாய் பின்வாங்கி ஒரே உதறலில் கழற்றிக்கொண்டு சாலைக்குப் போய்விடும். இழுத்தால் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் காலர், ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில், காதுக்குச் சற்றுக் கீழே பொருந்தும்படி வாங்குங்கள். இறுகிய நிலையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். சிமெண்டுத் தரையில் படுத்தால் முழங்கையில் நீர்க்கட்டி வரும். தடித்த மெத்தை போடுங்கள்.

10. ஓடவிடுவது எங்கே

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்குள் கொல்வது மட்டுமில்லை, துரத்துவதும் அதற்கான முயற்சியும் அடக்கம். முயலுக்குப் பின்னால் நாயை அவிழ்த்துவிட்டாலே வழக்கு வரும், சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ‘பழக்கிக் காட்டறோம், வாங்க’ என்று குட்டி விற்றவரே இரவில் கூப்பிட்டாலும் போகாதீர்கள். அந்த வீடியோவை யாராவது பகிர்ந்தால் அதுவே சாட்சி.

ஓட்டம் இல்லாமல் இந்த நாய்கள் வாடிப்போகும் என்பதும் உண்மை. நான்கு பக்கமும் அடைத்த மைதானத்தில், நீளக் கயிற்றின் நுனியில் துணியைக் கட்டி இழுத்துத் துரத்தவிடுங்கள். எலும்பு முற்றும் வரை, அதாவது ஒன்று ஒன்றரை வயது வரை, கூர்மையாகத் திரும்பும் ஓட்டம் வேண்டாம்; நேராக, குறுகிய தூரம் போதும். வெயில் ஏறுமுன் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஓடி முடித்து மூச்சு அடங்கிய பிறகே சாப்பாடு, சாப்பிட்டபின் இரண்டு மணி நேரம் ஓட்டம் கிடையாது. ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு திடீரென்று பறைபோல இறுகி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே வண்டியில் ஏற்றுங்கள். இரவில் திறந்திருக்கும் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையின் எண்ணைக் குட்டி வீட்டுக்கு வரும் முன்பே போனில் பதிந்துவையுங்கள்.